ஸ்டார்ட் பட்டன் எங்கே? விண்டோஸ் 8 படுத்திய பாடு

விண்டோஸ் 8 போட்ட கணினியை அணைக்க வேண்டுமென்றால் முதலில் மவுஸைத் திரையின் வலது மேல் மூலைக்கோ வலது கீழ் மூலைக்கோ கொண்டுபோக வேண்டும். அந்த மூலையில் படமும் கிடையாது, எழுத்தும் கிடையாது. சற்றுப் பொறுத்தால் வலது ஓரத்தில் ஐந்து சின்னங்கள் நிழல்போலத் தெரியும். மவுஸை ஓரத்தை விட்டு விலக்காமல் நகர்த்தினால் அவை கறுப்புப் பட்டையாக மாறும். அதில் 'செட்டிங்ஸ்', அதற்குள் 'பவர்', அதற்குள் 'ஷட்டவுன்'. நடுவில் கை கொஞ்சம் தவறினால் பட்டை மறைந்துவிடும். மறுபடி மூலையிலிருந்து தொடங்க வேண்டும். அணைப்பதற்கு எதற்காக 'செட்டிங்ஸ்'க்குள் போக வேண்டும் என்ற கேள்விக்கு வடிவமைத்தவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது. டேப்லெட்டை யாரும் தினம் அணைப்பதில்லை, கணினியையும் இனி அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று அவர்கள் நம்பினார்கள்.

2012 அக்டோபர் 26 அன்று விற்பனைக்கு வந்த அந்த இயங்குதளத்தில் அணைக்கும் சிக்கல் வெறும் தொடக்கம். 17 வருடங்களாகத் திரையின் இடது கீழ் மூலையில் இருந்த 'ஸ்டார்ட்' பட்டனையே காணோம். கணினியைப் போட்டதும் பழகிய டெஸ்க்டாப் வரவில்லை. பச்சை, நீலம், ஊதா என்று பளபளக்கும் கட்டங்கள் திரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றன. பில் போடுகிறவர், கணக்கு எழுதுகிறவர், கடிதம் அடிக்கிறவர் எல்லாரும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று.

மைக்ரோசாஃப்ட் இதைத் தெரியாமல் செய்யவில்லை. கோடிக்கணக்கானோர் திணறுவார்கள் என்று தெரிந்தும், திணறல் சில நாளில் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டே செய்தது. அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதுதான் இந்தக் கதை.

'ஸ்டார்ட்' பிறந்த கதை

1990-களின் தொடக்கத்தில் 'சிகாகோ' என்ற சங்கேதப் பெயரில் விண்டோஸ் 95 உருவாகிக்கொண்டிருந்தது. அப்போது மைக்ரோசாஃப்ட் சாதாரண ஆட்களைக் கூப்பிட்டுக் கணினி முன் உட்காரவைத்துச் சோதித்தது. அந்தச் சோதனைகளை நடத்திய குழுவைச் சேர்ந்த கென்ட் சல்லிவன் 1996-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் அவற்றை விவரித்தார். புதியவர்களுக்கு 'இரண்டு தடவை தட்டு' என்பதே தெரியவில்லை. ஒரு ஜன்னலுக்குப் பின்னால் இன்னொன்று மறைந்துவிட்டால், அது அழிந்துபோய்விட்டது என்றே நினைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்பது புரியவில்லை.

ஆரம்ப வடிவத்தில் திரையின் கீழே 'சிஸ்டம்', 'ஃபைண்ட்', 'ஹெல்ப்' என்று மூன்று பட்டன்கள் இருந்தன. சோதனைகளுக்குப் பிறகு அவை ஒன்றாகி, மேலே ஒரே ஒரு வார்த்தை எழுதப்பட்டது: 'ஸ்டார்ட்'. இந்தப் பட்டனையும் டாஸ்க்பாரையும் வடிவமைத்தவராக அறியப்படும் டேனி ஓரன் நடத்தை உளவியல் படித்தவர். பட்டன் மட்டும் போதாது என்று, விண்டோஸ் 95-ஐ முதன்முதலில் போட்டதும் ஓர் அம்பு டாஸ்க்பாரில் ஓடிவந்து ஸ்டார்ட் பட்டனில் முட்டி நிற்கும். 'இங்கே தட்டி ஆரம்பியுங்கள்' என்று அதில் எழுதியிருக்கும். 1995 ஆகஸ்ட் 24-ல் வெளியானபோது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஸ்டார்ட் மீ அப்' பாடலுக்கு உரிமம் வாங்கி, அந்த ஒற்றை வார்த்தையைச் சுற்றியே விளம்பரம் செய்தார்கள்.

ஆக, அந்தப் பட்டன் அலங்காரத்துக்கு வந்ததல்ல. திகைத்து நின்றவர்களைப் பார்த்து, அவர்களுக்காகவே செய்தது. அடுத்த 17 வருடங்களில் எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 என்று தோற்றம் மாறிக்கொண்டே இருந்தாலும் மூலை மாறவில்லை. கண் பார்க்குமுன் கை போய்விடும்.

ரிப்பன் கொடுத்த தைரியம்

இப்படிப்பட்ட ஒன்றை எடுத்துவிடும் துணிச்சல் எப்படி வந்தது என்பதற்கு 2007-க்குப் போக வேண்டும். அந்த வருடம் வந்த ஆஃபீஸ் 2007-ல், ஃபைல், எடிட், வியூ என்று தலைமுறையாகப் பழகிய மெனுக்களைத் தூக்கிவிட்டு, 'ரிப்பன்' என்ற அகலப் பட்டையை வைத்தார்கள். பயனர்கள் கொதித்தார்கள். பழைய மெனுவைத் திருப்பித் தரும் துணைச் செயலிகள்கூட விற்பனைக்கு வந்தன. ஆனாலும் ரிப்பன் நிலைத்தது. கொஞ்ச காலத்தில் பழகியும் போனது. அந்த மாற்றத்தின் முன்னணியில் இருந்தவர்கள் ஜூலி லார்சன்-கிரீனும் ஜென்சன் ஹாரிஸும். அது உருவானபோது ஆஃபீஸ் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி.

இதே மூவர்தான் பின்னர் விண்டோஸ் பக்கம் வந்தார்கள். விஸ்டாவின் தாமதத்தாலும் தடுமாற்றத்தாலும் பெயர் கெட்டுக் கிடந்த பிரிவைக் கட்டுக்குள் கொண்டுவந்து, சொன்ன நேரத்தில் விண்டோஸ் 7-ஐக் கொடுத்துப் பாராட்டு வாங்கினார்கள். இரண்டு வெற்றிகள் கைவசம் இருந்தன. கூச்சல் வரும், அடங்கும் என்பது அவர்கள் கண்ணால் கண்ட அனுபவம். ஆனால் ரிப்பன் மாற்றியது வேர்டு, எக்ஸெல் போன்ற ஒருசில செயலிகளின் மேல்பகுதியை மட்டும். எழுதும் இடமும், ஜன்னலை மூடும் 'எக்ஸ்' குறியும் இருந்த இடத்திலேயே இருந்தன. விண்டோஸ் 8 மாற்றியதோ நின்ற தரையையே.

இன்னொரு பக்கம் பயமும் துரத்தியது. 2010 ஏப்ரலில் ஐபேட் வந்தது. இனி மேசைக் கணினிக்கு வேலை இல்லை, எல்லாம் தொடுதிரைதான் என்று தொழில்துறை முழுக்க ஒரே பேச்சு. அதே வருடம் அக்டோபரில், உங்கள் நிறுவனத்தின் ஆபத்தான பந்தயம் எது என்று ஒரு கூட்டத்தில் கேட்டபோது, அடுத்த விண்டோஸ்தான் என்றார் மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர். பதில் சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பயம் மைக்ரோசாஃப்டை மட்டும் பிடிக்கவில்லை. இலவச மென்பொருள் உலகமும் அதே சமயத்தில் தன் வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. 2011 ஏப்ரலில் லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருந்த க்னோம் டெஸ்க்டாப்பின் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய பேனல், மெனு எல்லாம் போயின. அதே மாதம் உபுண்டு 'யூனிட்டி' என்ற புதுத் தோற்றத்துக்குத் தாவியது. லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3-ஐக் கடுமையான வார்த்தைகளில் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்புக்கு மாறினார். அங்கே ஒரு வசதி இருந்தது: மூலநிரல் திறந்தே கிடந்தது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு பயனர் பழைய க்னோம் 2-ஐ அப்படியே எடுத்து 'மாட்டே' என்ற பெயரில் தொடர்ந்தார். லினக்ஸ் மின்ட் குழு 'சின்னமன்' என்று தனியாக ஒன்றைச் செய்துகொண்டது. பிடிக்காதவர்கள் ஒரு வருடத்துக்குள் பழைய வீட்டை வேறொரு மனையில் கட்டிக்கொண்டார்கள். விண்டோஸ் பயனருக்கு அந்த வழி கிடையாது.

எண்ணிக்கை சொன்னதும் சொல்லாததும்

ஸ்டார்ட் மெனுவை எடுத்ததற்கு மைக்ரோசாஃப்ட் காட்டிய முக்கியச் சான்று தரவு. பயனர்களின் ஒப்புதலோடு கணினிகளிலிருந்து தானாக வரும் புள்ளிவிவரங்களைப் பார்த்தார்கள். விண்டோஸ் 7-ல் ஆட்கள் அடிக்கடி தேவைப்படும் செயலிகளை டாஸ்க்பாரிலேயே குத்திவைத்துக்கொண்டார்கள். ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்திருந்தது. அப்படியானால் அந்தச் சின்ன மெனு எதற்கு, முழுத் திரையையும் ஸ்டார்ட்டாக ஆக்கிவிடலாமே என்பது அவர்கள் வாதம். இதை விளக்கிப் பல ஆயிரம் வார்த்தைகளில் கட்டுரைகளை வெளியிட்டார்கள். எழுதியவர்கள் திறமைசாலிகள், படித்தால் ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் தோன்றும்.

கொல்லைக் கதவை வருடத்துக்குச் சில தடவைதான் திறக்கிறோம் என்பதற்காக யாரும் அங்கே சுவர் எழுப்புவதில்லை. ஸ்டார்ட் மெனு பலருக்கு அப்படிப்பட்ட கதவு. தினம் வேண்டிய நாலு செயலிகள் டாஸ்க்பாரில் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை வேண்டிய பிரின்டர் அமைப்பு, கால்குலேட்டர், பழைய கணக்கு மென்பொருள் எல்லாம் மெனுவுக்குள் இருக்கும். எத்தனை தடவை திறந்தார்கள் என்பதைப் புள்ளிவிவரம் சொல்லும். அது இல்லாவிட்டால் எவ்வளவு தவிப்பார்கள் என்பதைச் சொல்லாது. தவிப்பைப் பார்க்க, 1990-களில் செய்ததுபோல ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில்தானே அந்தப் பட்டனே பிறந்தது!

2011 செப்டம்பரில் மென்பொருளாளர்களுக்குக் கொடுத்த முன்னோட்டத்தில் பட்டன் மட்டுமாவது மிச்சம் இருந்தது. 2012 பிப்ரவரி 29-ல் பார்சலோனாவில் வெளியிட்ட பொதுமக்கள் முன்னோட்டத்தில் அதுவும் இல்லை. ஒரே நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் அதைப் பதிவிறக்கினார்கள். அடுத்த மாதமே ஒரு காணொளி பரவியது. தொழில்நுட்ப எழுத்தாளர் கிறிஸ் பிரில்லோ தன் அப்பாவைப் புது விண்டோஸ் முன்னால் உட்காரவைத்துவிட்டு, எந்த உதவியும் செய்யாமல் படம்பிடித்திருந்தார். டெஸ்க்டாப்புக்குள் போய்விட்ட பெரியவருக்கு அந்தக் கட்டத் திரைக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. என்னை மேக் வாங்கச் சொல்லித் துரத்துகிறார்களா என்று கேட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்த அந்தச் சில நிமிடங்கள், பின்னால் வரப்போகிற எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. விற்பனைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் மனம் மாறவில்லை.

வாடிக்கையாளர் மட்டுமல்ல, கூட்டாளிகளும் பதறினார்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் ஒருகாலத்தில் மைக்ரோசாஃப்டிலேயே வேலை பார்த்தவர். கணினித் தொழிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் விண்டோஸ் 8 பேரழிவு என்று அவர் 2012 ஜூலையில் பகிரங்கமாகச் சொன்னார். விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் செயலிக் கடை திறந்ததும் அவருடைய கவலைக்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கோபத்தில் லினக்ஸ் பக்கம் திரும்பிய வால்வ் பத்து வருடம் கழித்து, 2022-ல், விண்டோஸ் இல்லாத 'ஸ்டீம் டெக்' விளையாட்டுக் கணினியை விற்றது.

இரண்டு உலகத்தில் ஒரு கால்

கட்டங்கள் அசிங்கமாக இருந்தன என்று சொல்ல முடியாது. 'மெட்ரோ' என்று அழைக்கப்பட்ட அந்தத் தட்டையான, எழுத்துக்கு மரியாதை கொடுக்கும் பாணி ஸூன் மியூசிக் பிளேயரில் துளிர்த்து, விண்டோஸ் போனில் முழுமை பெற்றது. பின்னாளில் தொழில்துறை முழுக்கத் தட்டையான வடிவங்களுக்கே வந்து சேர்ந்தது. தொடுதிரையில் விண்டோஸ் 8 வழுக்கிக்கொண்டு ஓடும். கைப்பழகிய சிலர் இன்றும் அதைப் புகழ்வார்கள். துயரம் என்னவென்றால் அன்று மேசைகளில் இருந்த கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொடுதிரையே கிடையாது. தொடுதிரை இருந்தாலும், நிமிர்ந்து நிற்கும் திரையை நோக்கி நாள் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தால் தோள் கடுக்கும். 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் இதையே காரணம் சொல்லி, தொடுதிரை செங்குத்தாக நிற்கக் கூடாது என்றார்.

உண்மையான குழப்பம், ஒரே கணினிக்குள் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்ததில்தான். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இரண்டு: கட்டத் திரையில் ஒன்று, டெஸ்க்டாப்பில் ஒன்று, இங்கே திறந்த பக்கம் அங்கே தெரியாது. அமைப்புகளை மாற்றும் இடமும் இரண்டு: பழைய கன்ட்ரோல் பேனல், புதிய பிசி செட்டிங்ஸ். டெஸ்க்டாப்பில் ஒரு போட்டோவைத் தட்டினால் திடீரென்று டெஸ்க்டாப்பே மறைந்து போட்டோ திரை முழுக்க விரியும். அதை மூட 'எக்ஸ்' இருக்காது. திரையின் மேல் விளிம்பைப் பிடித்துக் கீழே வரை இழுத்துப் போட வேண்டும். இதை யாராவது காட்டிக்கொடுத்தால்தான் தெரியும்.

வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், அனுபவமுள்ள 12 கணினிப் பயனர்களை வைத்துச் சோதித்து, 2012 நவம்பரில் முடிவை வெளியிட்டார். புதியவருக்கும் உதவவில்லை, தேர்ந்தவருக்கும் உதவவில்லை என்பது அவர் தீர்ப்பு. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே திரை முழுக்கக் காட்டும் இதற்கு ஜன்னல்கள் என்று பன்மையில் பெயர் எதற்கு, 'விண்டோ' என்று ஒருமையில் வைக்கலாமே என்று குத்தலும் செய்தார்.

அதிகம் பேசப்படாத கூட்டம் ஒன்று இருக்கிறது: சர்வர்களைப் பராமரிப்பவர்கள். விண்டோஸ் சர்வர் 2012-லும் இதே கட்டத் திரையைத் திணித்திருந்தார்கள். சர்வருக்குத் தொடுதிரை வைப்பவர் உலகத்தில் யார்? பராமரிப்பாளர் அதைத் தன் மேசையில் இருந்தபடி, ஒரு சின்ன ஜன்னலுக்குள் ரிமோட்டாகத் திறப்பார். விண்டோஸ் 8-ல் சூட்சுமம் எல்லாம் திரையின் மூலையில்தான். முழுத் திரையில் மூலைக்கு மவுஸைத் தள்ளினால் தானாக முட்டி நிற்கும். சின்ன ஜன்னலின் மூலையிலோ முட்டி நிற்க எதுவும் இல்லை. மவுஸ் தாண்டி வெளியே போய்விடும். இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்தவர்களுக்கும் நடு மூலையில் இதே தொல்லை. மாற்றத்தை எதிர்க்கும் பழமைவாதிகள் என்று பெயர் வாங்கிய இந்த ஆட்கள்தான் உண்மையில் புதியதை முதலில் கற்றுக்கொள்கிறவர்கள்.

எப்படிச் சமாளித்தார்கள்?

பழகிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மைக்ரோசாஃப்ட் கைகாட்டிய வழியில் பழகவில்லை. மவுஸை விட்டுவிட்டுக் கீபோர்டைப் பிடித்தார்கள். விண்டோஸ் கீயை ஒருமுறை தட்டினால் கட்டத் திரை, மறுமுறை தட்டினால் டெஸ்க்டாப். தட்டியதும் எதையும் தேடாமல் செயலியின் பெயரை அடிக்க ஆரம்பித்தால் அதுவே தேடித் தரும். டெஸ்க்டாப்பில் இருந்தபடி ஆல்ட்-எஃப்4 அழுத்தினால் ஷட்டவுன் பெட்டி வந்துவிடும். மூலை தேட வேண்டாம். விண்டோஸ் கீயோடு எக்ஸ் சேர்த்தால் கன்ட்ரோல் பேனல், டாஸ்க் மேனேஜர் என்று வேண்டியதெல்லாம் ஒரு சின்னப் பட்டியலாக வரும். தொடுதிரைக்காகச் செய்த இயங்குதளத்தை மக்கள் கீபோர்டு குறுக்குவழியால் மேய்த்ததை என்னவென்று சொல்வது!

குறுக்குவழி மனப்பாடம் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு வேறு கடை திறந்தது. ஸ்டார்டாக் நிறுவனம் 'ஸ்டார்ட்8' என்ற செயலியை 4.99 டாலருக்கு விற்றது. அது செய்த வேலை, காணாமல் போன பட்டனையும் மெனுவையும் திருப்பி வைப்பது. ஐவோ பெல்ட்செவ் என்ற நிரலாளர் 2009 முதலே இலவசமாகக் கொடுத்துவந்த 'க்ளாசிக் ஷெல்' பெரும் கூட்டத்தைக் காப்பாற்றியது. 2017 கடைசியில் அவர் அந்தப் பணியை நிறுத்தியபோது மூலநிரலைப் பொதுவில் வைத்துவிட்டுப் போனார். அது 'ஓபன் ஷெல்' என்ற பெயரில் தொடர்கிறது. கணினி செய்து விற்கும் கம்பெனிகளே தங்கள் கணினிகளில் மாற்று மெனு போட்டுக் கொடுக்கத் தொடங்கின. 2013 ஆகஸ்டில் லெனோவோ இதற்காக 'போக்கி' மெனுவைச் செய்யும் ஸ்வீட்லேப்ஸோடு ஒப்பந்தம் போட்டது. சொந்த வாடிக்கையாளருக்குப் பயந்து விற்பனையாளர் வேறொருவரின் பட்டனை ஒட்டிக் கொடுக்கும் நிலை எந்த இயங்குதளத்துக்கும் வரக் கூடாது.

மூன்றாவது வழி, அடியோடு மறுப்பது. அலுவலகங்கள் அப்போதுதான் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு மாறி மூச்சுவிட்டிருந்தன. விண்டோஸ் 8-ஐத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2014 ஜனவரியில் எச்பி நிறுவனம் விண்டோஸ் 7 கணினிகளை, மக்களின் வேண்டுகோளுக்கிணங்க மீண்டும் என்ற பொருள்பட விளம்பரம் செய்து விற்றது. வெளியாகி நாலு வருடத்துக்கு மேல் ஆன சரக்கு அது.

இவர்கள் யாரும் புதுமைக்கு எதிரிகள் அல்ல. விண்டோஸ் 8 வேகமாகத் திறந்தது. ஃபைல் நகலெடுப்பதை நடுவில் நிறுத்தி வைக்க முடிந்தது. டாஸ்க் மேனேஜர் பிரமாதமாக மேம்பட்டிருந்தது. வைரஸ் தடுப்பு உள்ளேயே வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்காக உருவான 'நிர்மலா யூஐ' எழுத்துரு முதன்முதலில் வந்ததும் விண்டோஸ் 8-ல்தான். அதுவரை லதா எழுத்துருவோடு மல்லாடிய கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். இவற்றை யாரும் குறை சொல்லவில்லை. குறை சொன்னது ஒன்றே ஒன்றைத்தான்: பழையபடி இருக்க விரும்புகிறவருக்கு ஒரு சின்னத் தேர்வுப்பெட்டிகூட இல்லையே! எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் 'கிளாசிக்' ஸ்டார்ட் மெனு என்ற தேர்வு இருந்தது. அதை வைக்க மைக்ரோசாஃப்டுக்குத் தெரியாமல் இல்லை. வைத்தால் எல்லாரும் பழையதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள், புதுச் செயலிகளை யாரும் தொடமாட்டார்கள் என்ற பயம்தான் தடுத்திருக்க வேண்டும். பயனர் பழகும் செலவைப் பயனர் தலையிலேயே கட்டியது அந்த முடிவு. வீட்டில் ஒருவர் வீணாக்கிய அரை மணி நேரம் எந்தக் கம்பெனியின் வரவு செலவிலும் ஏறுவதில்லை.

இறங்கி வந்த படிகள்

விற்பனையைத் தூண்ட மைக்ரோசாஃப்ட் விலையைக் கடுமையாகக் குறைத்திருந்தது. 2013 ஜனவரி இறுதிவரை அமெரிக்காவில் 39.99 டாலர், இந்தியாவில் 1,999 ரூபாய். புதிதாக விண்டோஸ் 7 கணினி வாங்கியவர்களுக்கு வெறும் 699 ரூபாய். முதல் மாதத்தில் 4 கோடி லைசென்ஸ், ஆறு மாதத்தில் 10 கோடி என்று அறிவிப்புகள் வந்தன. புதுக் கணினியோடு ஒட்டி வரும் லைசென்ஸும் அந்தக் கணக்கில் சேரும். வாங்கியவர் அதை விரும்பினாரா என்பது சேராது.

வேறொரு கணக்கு உண்மையைச் சொன்னது. 2013-ன் முதல் மூன்று மாதங்களில் உலகக் கணினி விற்பனை முந்தைய ஆண்டைவிட 13.9 சதவீதம் சரிந்து 7.63 கோடியாக இருந்தது என்று ஐடிசி ஆய்வு நிறுவனம் அறிவித்தது. 1994-ல் காலாண்டுக் கணக்கு எடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவே மோசமான வீழ்ச்சி. விண்டோஸ் 8 சந்தையைத் தூக்கிவிடாதது மட்டுமல்ல, அதுவே சந்தையை மந்தமாக்கியதுபோலத் தெரிகிறது என்றது அந்த அறிக்கை. டேப்லெட்டும் செல்போனும் தின்ற பங்கு பெரிது; பழி முழுவதையும் ஒரு பட்டன் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் கணினியைக் காப்பாற்ற வந்த மருந்து நோயோடு சேர்ந்துகொண்டது என்பதை மறுக்க முடியாது. அதே வருடம் ஜூலையில் தன் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுகளின் தேங்கிய சரக்குக்காக மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை நட்டமாக எழுதித் தள்ளியது.

மைக்ரோசாஃப்டுக்குள் ஆட்கள் அதற்கு முன்னாலேயே மாறத் தொடங்கிவிட்டார்கள். வெளியீட்டு விழா முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2012 நவம்பர் 12 அன்று சினோஃப்ஸ்கி விலகுவதாக அறிவிப்பு வந்தது. 2013 மே மாதம் விண்டோஸின் வணிகப் பொறுப்பாளர் டாமி ரெல்லர், பழகுவது சிரமமாகத்தான் இருக்கிறது என்று ஃபைனான்ஷியல் டைம்ஸிடம் ஒப்புக்கொண்டார். அந்த நாளிதழோ 1985-ல் கோக்கோ கோலா சுவையை மாற்றிவிட்டுப் பின்வாங்கியதோடு இதை ஒப்பிட்டது.

பின்வாங்கல் தவணை முறையில் நடந்தது. 2013 அக்டோபர் 17-ல் வந்த 8.1-ல் பட்டன் திரும்பியது. தட்டினால் மெனு வராது, அதே கட்டத் திரைதான் வரும். கேட்டதைக் கொடுத்ததுபோலக் காட்டி, கொடுக்காமலே இருந்த சாமர்த்தியம் அது. ஆனாலும் நேராக டெஸ்க்டாப்புக்குப் போகும் தேர்வு வந்தது. 2014 ஏப்ரல் 8-ல் வந்த அப்டேட்டில், கட்டத் திரையின் மேலேயே கணினியை அணைக்கும் பட்டன் தெரிந்தது. செயலிகளுக்கு 'எக்ஸ்' குறி கிடைத்தது. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்ததும் அதே நாளில்தான். நெட் அப்ளிகேஷன்ஸ் கணக்குப்படி அன்று உலகின் மேசைக் கணினிகளில் கால் பங்குக்கு மேல் இன்னும் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தது, 8-ம் 8.1-ம் சேர்ந்தே 11 சதவீத அளவில்தான் இருந்தன. 12 வயதான முதியவரைக் கூட இந்த இளையவரால் முந்த முடியவில்லை.

2014 செப்டம்பர் 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அடுத்த பதிப்பைக் காட்டினார்கள். 9 என்ற எண்ணைத் தாண்டி நேரே 10. மேடையில் மைக்ரோசாஃப்டின் ஜோ பெல்ஃபியோர் முதலில் காட்டியவற்றுள் ஒன்று, மெனுவோடு திரும்பிவந்த ஸ்டார்ட். ஒரு பக்கம் பழைய பட்டியல், மறுபக்கம் சில கட்டங்கள். 2015 ஜூலை 29-ல் வெளியான விண்டோஸ் 10-ஐ, விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு முதல் வருடம் இலவசமாகவே கொடுத்தார்கள். கட்டங்கள் அதன்பிறகும் மெனுவின் ஓரத்தில் காலம் தள்ளின. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ல் அவையும் நீக்கப்பட்டன. விண்டோஸ் 8-க்கு ஆதரவு 2016 ஜனவரியிலும், 8.1-க்கு 2023 ஜனவரியிலும் முடிந்தது. கன்ட்ரோல் பேனலும் செட்டிங்ஸும் என்ற இரட்டைக் குடித்தனம் மட்டும் அதற்கடுத்த பதிப்புகளிலும் தொடர்ந்தது.

பாடம் படித்துவிட்டார்களா என்றால், பாதி. விண்டோஸ் 11 வெளியானபோது ஸ்டார்ட் பட்டனை நடுவுக்கு நகர்த்தினார்கள். ஆனால் வேண்டாதவர் இடது மூலைக்கே கொண்டுபோகத் தேர்வு கொடுத்தார்கள். அது 2012-ல் இல்லாத பக்குவம். அதே கையால், விண்டோஸ் 95 காலம் முதல் இருந்த, டாஸ்க்பாரை மேலேயும் பக்கவாட்டிலும் நகர்த்திக்கொள்ளும் வசதியைப் பறித்தார்கள். மறுபடி புகார், மறுபடி துணைச் செயலிகள்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் இன்னும் பல வீடுகளும் அலுவலகங்களும் 11-க்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மாறியவர்கள் நடுவில் நிற்கும் பட்டனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. டாஸ்க்பாரில் காலியான இடத்தில் மவுஸின் வலது பட்டனைத் தட்டி 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போய், 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் 'அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' என்று மாற்றினால் போதும். வீட்டுப் பெரியவர்களின் கணினியை மாற்றிக் கொடுப்பவர்கள் முதல் வேலையாக இதைச் செய்துவிட்டு, அதன்பிறகு கணினியை அவர்கள் கையில் கொடுங்கள்.